இரவுப் பணி, மே மாதம்

மார்த்தோஸில் மே மாதம்
ஒலிவ மரங்கள் கண்ணில் மண்ணைத் தூவும்.
ஏமாந்த ஊர் முழுக்க அழும்.

பதினொன்றுக்கு மேல் கதவைப் பூட்டிவிட்டு
கை நுழையும் சன்னலுக்குப் பின்னால் நான்.
சொக்கோர்ரோ. உதவி என்று பொருள்.
தெருவில் நின்று என் பெயரைக் கூப்பிட்டால்
தீயணைப்பு வண்டி வரும் என்பார் கணவர்.

முதலில் அமதோர்.
கண்கள் இரண்டும் பிளந்த மாதுளை.
"வீட்டில் பழைய மாத்திரை கிடந்தது, போட்டேன்.
மூக்கு நின்றது. டிராக்டர் நிற்கவில்லை."
ஒரு சக்கரம் இன்னும் வாய்க்காலில்,
நெற்றியில் பிளாஸ்திரி.
அந்தக் கால மாத்திரை அப்படித்தான்:
தும்மலைத் தூங்கவைக்கப் போய்
தும்மியவனையும் சேர்த்துத் தாலாட்டும்.
புதியதைக் கொடுத்தேன், நாளுக்கு ஒன்று.
இதுவும் சிலருக்குக் கண்ணைச் சொக்கவைக்கும்,
முதல் மாத்திரையன்று சாவி மனைவியிடம் இருக்கட்டும்.
"மனைவி கோர்தோபாவில். வேறொருவனோடு."
அப்படியானால் என்னிடம்.
கொஞ்சம் யோசித்தான்.
சாவியைச் சன்னல் வழியே தள்ளிவிட்டு நடந்தான்.

பிறகு பள்ளி ஆசிரியை இனோசென்ஸியா,
மூக்குத் தெளிப்பானைத் திருப்பித் தர.
"இரண்டு நாள் அடித்தேன். வெறும் தண்ணீர்."
எப்படி அடித்தீர்கள்?
அண்ணாந்து, நடுச்சுவரைக் குறிபார்த்து,
ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் தொண்டைக்கு அனுப்பிக் காட்டினாள்.
தலை கொஞ்சம் குனியட்டும்.
வலது மூக்குக்கு இடது கை.
முனை காதின் பக்கம் பார்க்கட்டும்,
பூவை முகர்வதுபோல் மெல்ல...
பூ என்றதும் முறைத்தாள்.
இது ஓடிவரும் மருந்தல்ல, கழுதைமேல் வருவது.
ஏப்ரலிலேயே சேணம் கட்டியிருக்க வேண்டும்.
இரண்டு வாரம் பொறுங்கள்.
"இரண்டு வாரத்தில் பூவே உதிர்ந்துவிடும்."
பதில் இல்லை என்னிடம்.
உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு கேட்டாள்.
கொடுத்தேன், சில நாள்தான் என்று விரல் மடக்கி.
மீறினால்
திறந்த அதுவே கதவைச் சாத்தும்.

நாலு மணிக்கு யாரோ கண்ணாடியைச் சுரண்டினார்கள்.
கஸில்தா.
பின்னால் காரின் இருக்கையில் மகன்,
மணிக்கட்டில் மருத்துவமனைப் பட்டை, நல்ல தூக்கம்.
பிறந்தநாள் விருந்து. கேக்கின் நடுவில்
யாரும் சொல்லாத பீச் பழம்.
மார்ச்சில் இந்த மேசையில்தான் பழகினோம்,
ஊசியில்லாத போலிப் பேனாவை வைத்து,
என் தொடையில் அவள், அவள் தொடையில் நான்,
குத்தக் குத்தச் சிரித்தபடி.
"கால்சட்டை மேலேயே குத்தினேன்.
பத்து வரை எண்ணச் சொன்னீர்கள்.
ஏழுக்குப் பிறகு என்ன என்று மறந்துவிட்டது.
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்."
பிறகுதான் ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறாள்.
சரியாகச் செய்தாய் என்றேன்.
புதிய பேனா இரண்டு, சீட்டில் என் கையெழுத்து
கோணலாக.

விடிந்தது.
சாவியின் மேல், மேசை மேல், என் கண்ணாடி மேல்
மெல்லிய மஞ்சள்.
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
என் மருந்துக்கு மூன்று வருடம்:
அழவைக்கும் அதே பூவின் தூளை
அளந்து, தினமும் நாக்கின் அடியில்.
இது இரண்டாம் வருடம்.
வராத திருடனுக்கு ஊரைக் கூட்டும் உடம்பிடம்
'இவன் நம் ஆள்தான், விடு' என்று
காலை தவறாமல் சொல்லிவர வேண்டும்.
போன மே மாதத்தைவிட
கைக்குட்டை பாதிதான் நனைகிறது.
பாதி.

எட்டு மணிக்கு அமதோர்.
கண்ணில் வெள்ளை திரும்பியிருந்தது.
"தூங்கினேன்" என்றான்.
மாத்திரையா என்று புருவத்தால் கேட்டேன்.
"இல்லை. சாவி கையில் இல்லாததால்."
நாக்கடியில் ஒலிவம் கரைந்துகொண்டிருந்தது.
வாய் திறக்காமல்
இன்னும் ஒரு நிமிடம் என்று விரல் காட்டினேன்.
நின்றான்.